கரையான் விட்டுவைத்த கை

ஈச்சங்குறிச்சியின் மரச்சாமான்களை எல்லாம் கரையான் தின்று, முத்துராக்கு தொட்ட இடங்களை மட்டும் தின்னாமல் விட்டுவைத்த வருஷத்தில், ஊரில் முதலில் அதைக் கண்டவள் அடைக்கிதான். முத்துராக்கு செத்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. நெல் குத்துவதற்காக மூலையில் சாத்தியிருந்த உலக்கையை அடைக்கி எடுத்தாள். எடுத்த வேகத்தில் மேல்பாதி மண்ணாக உதிர்ந்தது, கீழ்ப்பாதியும் உதிர்ந்தது, இரும்புப் பூண் கழன்று உருண்டு வாசல்படி வரை ஓடி விழுந்தது, நடுவில் ஒரு சாண் மரம் மட்டும் எண்ணெய் தேய்த்ததுபோல் வழவழவென்று அவள் கையில் நின்றது. மார்கழி முழுக்க முத்துராக்கு அந்த ஒரு சாணைப் பிடித்துத்தான் மாவு இடித்தாள். அடைக்கியும் பதினெட்டு வருஷமாக அதே உலக்கையைப் பிடித்தவள்தான், ஆனால் அவள் பிடிக்கும் இடம் நாலு விரற்கடை மேலே. அதைக் கரையான் தின்றுவிட்டிருந்தது.

அடைக்கி ஆச்சரியப்படவில்லை. அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் வீட்டு வாசற்கதவைப் பார்த்தாள்.

அடைக்கலம் என்பது அவளுடைய முழுப்பெயர். ரேஷன் கார்டில் மட்டும்தான் அது முழுதாக இருந்தது. புருஷன் போய் ஆறு வருஷம், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாகிவிட்டது, காலையில் தைலமரக் காட்டு நாற்றங்காலில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. கன்றுகளின் வேரைக் கரையான் அரிக்கிறது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி அம்மா வந்து ஒரு கோடை முழுக்கப் புற்றுகளை எண்ணிக்கொண்டு திரிந்தாள், அவளுடைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டியைச் சுமந்தவள் அடைக்கி. அந்த அம்மாவின் பூதக்கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து, கரையான் என்று ஊரார் ஒரே பெயரால் திட்டுவது ஒரு சாதிசனம் அல்ல என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. செம்மண்ணை ஆள் உயரத்துக்குக் கோபுரமாக எழுப்புகிற கரையான், சருகையும் சுள்ளியையும் மென்று கொண்டுபோய்ப் புற்றின் வயிற்றுக்குள் குவித்து, அதன்மேல் வெள்ளைக் காளான் பயிர் வைத்து, அந்த விளைச்சலைத் தின்று வாழ்கிறது. காய்ந்த மரத்துக்கு உள்ளேயே பிறந்து, மண்ணும் தண்ணீரும் காணாமல், கசகசா மணிபோல் எச்சத்தை உதிர்த்துக்கொண்டு, நூறு இருநூறு பேராக ஒரு சட்டத்துக்குள் குடித்தனம் நடத்துகிறது இன்னொன்று. புல்லை நறுக்கித் துண்டு துண்டாக வளைக்கு இழுத்துப்போகிறது மூன்றாவது.

சண்டைக்காரர்களும் அப்படியே மூன்று விதம். புற்றுக்காரனுக்குக் கிடுக்கிபோல் தாடை, தலை போனாலும் கடித்த கடியை விடாது. புல்காரனுக்குத் தாடை கிடையாது, மூக்கு கூம்பி நீண்டு, வருகிற எறும்பின் மேல் பசையைப் பீச்சி அடிக்கும். மரத்துக்குள் இருப்பவன்தான் அடைக்கிக்கு மறக்கவே இல்லை. அவனுக்குத் தலையே கதவு. கறுத்து, கெட்டியாகி, முன்பக்கம் மொண்ணையாக இருக்கும் அந்தத் தலையை ஓட்டையில் கொடுத்து அடைத்துக்கொண்டு நிற்பான்; வெளியிலிருந்து எறும்பு கடிக்கும், பிடுங்கும், நகரமாட்டான். இத்தனை பேருக்கும் கண் தெரியாது. சண்டைக்காரர்களுக்குத் தாங்களாகத் தின்னவும் தெரியாது, மற்றவர்கள்தான் வாயில் ஊட்டவேண்டும்.

ஒருநாள் கல்லூரி அம்மா புற்றின்மேல் விரலால் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, காதை வைத்துக் கேட்கச் சொன்னாள். உள்ளே எங்கோ ஒருவன் தலையைச் சுவரில் மோதினான். அதைக் கேட்டு அடுத்தவன் மோதினான், அதைக் கேட்டு அதற்கு அப்பால் இருப்பவன், டக்டக்கென்று ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது சத்தம். ஒரு தட்டுக்கே ஊர் மொத்தமும் எழுந்துவிட்டது பாருங்கள் என்றாள் அந்த அம்மா. பிறகு புற்றின் ஓரத்தைக் கொத்திக் காட்டினாள். தாடைக்காரர்கள் ஓட்டை வழியே வெளியே வந்து வரிசையாக நிற்க, உள்ளே இருப்பவர்கள் எச்சிலும் மண்ணும் குழைத்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஓட்டையை அடைத்துக்கொண்டார்கள். வெளியே நிற்பவர்கள் கதி என்ன என்று அடைக்கி கேட்டாள். வெளியேதான் என்றாள் அந்த அம்மா, நோட்டில் எழுதிக்கொண்டே.

முத்துராக்கு அந்த ஊருக்குப் போன ஆவணியில்தான் வந்தாள். கடற்கரை ஊர்க்காரி. அடைக்கியின் புருஷனுக்குச் சித்தப்பா மகன் சின்னழகு, போர்வண்டியில் குழாய் இறக்குகிறவன். ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டே வடக்கே எங்கெங்கோ போய்விட்டு வருஷத்துக்கு இரண்டு தரம் வருவான். கட்டிக்கொண்டு வந்தவளைக் காட்டு ஓரத்து முதல் வீட்டில் வைத்துவிட்டு, பொங்கல் கழிந்ததும் வண்டி ஏறினான். போகும்போது, எனக்காக யாரையும் தொந்தரவு பண்ணாதே, இந்த ஊரில் ஒன்று வாங்கினால் ஒன்பது பேசுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அகப்பை இல்லையென்றால் அகப்பை, முறம் இல்லையென்றால் முறம், எதுவும் வேண்டாம் என்றால் பேச்சுக்கு என்று, தெருவின் பதினாலு வீட்டுக்கும் நடந்தாள். அடுத்த வீடான அடைக்கி வீட்டில்தான் பாதிப் பொழுது. எங்கே தண்ணீர் எடுப்பது, யாரை மாமா என்பது, யாரைச் சின்னையா என்பது, எந்தச் சாமிக்கு முதல் பானை, எல்லாவற்றையும் அடைக்கிதான் சொல்லிக்கொடுத்தாள். ஒன்றே ஒன்றைத் தவிர.

ஈச்சங்குறிச்சியில் ஓர் ஆளை மூன்று தடவை கூப்பிடுவார்கள். அடைக்கி அடைக்கி அடைக்கி என்று மூச்சு விடாமல், ஒரே பெயரைப்போல. உச்சிவேளையில் ஊர் கதவை அடைத்துக்கொண்டு படுக்கும்போது, உச்சிக்காரி என்று ஒருத்தி தெருவில் நடப்பதாகவும், வேண்டப்பட்டவர் குரலிலேயே வாசலில் நின்று கூப்பிடுவதாகவும், திறந்தால் திறந்தவரோடு போய்விடுவதாகவும், ஆனால் ஒரு வாசலில் ஒரே ஒரு குரல் கொடுக்கத்தான் அவளுக்கு வரம் என்றும் பாட்டன் காலத்திலிருந்து நம்பிக்கை. அதனால் உச்சியில் மூன்றாவது குரலுக்குத்தான் கொண்டியை நீக்குவார்கள். பழகிப் பழகி எந்த வேளையிலும் மூன்று என்று ஆகிவிட்டது. டீக்கடையில் ஊருக்கே ஒன்றாக இருந்த போன்கூட மூன்றாவது மணிக்குத்தான் எடுக்கப்படும்.

கடற்கரையில் அப்படி இல்லை. அங்கே காற்றுக்கும் அலைக்கும் மேலே போகிறமாதிரி, கடைசி எழுத்தை நீட்டி ஒரே குரல்தான் கொடுப்பார்கள், அது போதும். மார்கழியில் மாவு இடித்துக்கொண்டிருந்தபோது முத்துராக்கு சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க்கா, இந்த ஊர்ல எல்லாருக்கும் காது மந்தமா? ஒரு ஆளைக் கூப்பிட மூணு ஆளுக்கான மூச்சு செலவாகுது."

அடைக்கியும் சிரித்தாள். சொல்லியிருப்பாள். ஆனால் முத்துராக்கு அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள், வயிற்றுப்பிள்ளைக்காரி காதில் உச்சிக்காரி பெயரைப் போடக்கூடாது என்பது அதே பாட்டன் காலத்து இன்னொரு கட்டு. பிள்ளை பிறக்கட்டும், தீட்டுக் கழித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். மற்ற வீட்டுப் பெண்களும் அப்படித்தான் இருந்துவிட்டார்கள்.

அக்கினி நட்சத்திரம் பிறந்த ஆறாம் நாள், உச்சியில், அடைக்கி ஈரத்துணியை மார்பில் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்தாள். வாசலில் ஒரு குரல் கேட்டது. அக்காவ் என்று, கடைசி எழுத்து நீண்டு. தூங்கவில்லை அவள். எழுந்தாள், கதவுக்கு வந்தாள், கொண்டியில் கையை வைத்தாள், இரண்டாவது குரலுக்காக நின்றாள். வரவில்லை. கதவின் அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்குவதுபோல் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. அவள் கொண்டியிலிருந்து கையை எடுத்தாள். நல்லவேளை, திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தாள், தூங்கியும் போனாள்.

நாலு மணி பஸ்ஸின் கண்டக்டர்தான், தெருவின் மறுகோடியில் நிழற்குடைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து இறங்கி வந்தான். பனிக்குடம் உடைந்து உதிரம் போய், எட்டாம் மாதப் பிள்ளையும் உள்ளேயே அடங்கி, உடம்பு வெயிலில் சூடாகவே இருந்தது. தெருவில் சொட்டியிருந்ததைச் செம்மண் குடித்திருந்தது. ஊரே கூடி அழுதது. ஐயோ, ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருக்கமாட்டோமா என்று முதலில் சொன்னது அடைக்கிதான். அவள் சொன்ன பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் சின்னழகு வந்து சேர்ந்தான். சடங்குகள் முடிந்து ஆட்கள் கலைந்ததும் அடைக்கியிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டான், அவள் கூப்பிடவில்லையா என்று. "கூப்பிடவே இல்லை தம்பி" என்றாள் அடைக்கி. அன்றிலிருந்து அவன் வண்டிக்குத் திரும்பவில்லை. யாரையும் தொந்தரவு பண்ணாதே என்று தான் சொல்லிவிட்டுப் போன மூன்று வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வாயை மூடிக்கொண்டு செத்திருக்கிறாள், நான் சொன்னேன் என்பதற்காக, என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். சோறு வைத்தால் நாலு வாய் தின்றான், வைக்காவிட்டால் இல்லை. ஆள் ஓர் ஆணியில் மாட்டிய சட்டைபோல் ஆகிக்கொண்டே போனான். அடைக்கி தினமும் சோறு கொண்டுபோய் வைத்தாள், தினமும் வாயைத் திறந்தாள், தினமும் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

அப்போதுதான் உலக்கை உதிர்ந்தது.

அதற்குப் பிறகு ஊர் முழுக்க உதிர்ந்தது. ஒன்றோடொன்று சேராத மூன்று சாதிக் கரையானும் ஒன்றாக வந்தன. மண்ணுக்குள்ளிருந்து ஒன்று சுவரோடு மண்கூடு கட்டிக்கொண்டு ஏறியது, மரத்துக்குள்ளிருந்து இன்னொன்று கசகசாவாக உதிர்ந்தது, புல்காரன் பட்டப்பகலில் கூரை வைக்கோலை வரிசைகட்டி இழுத்துப்போனான். ரேஷன் கடை பெஞ்சில் முத்துராக்கு உட்காரும் ஓரம் மட்டும் மிஞ்சி, ஒற்றைக்காலில் நின்றது. அரிவாள்மணைப் பலகையில் அவள் பாதம் அழுத்திய இடம் மிஞ்சியது. அகப்பையில் காம்பு, ஏணியில் இரண்டு படி, சீப்பில் ஐந்து பல். ஊரார் இரண்டு நாள் உட்கார்ந்து பேசினார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டார்கள். மிஞ்சியதற்கெல்லாம் 'முத்துராக்கு பங்கு' என்று பெயர் வந்தது. அம்மியடியில் இருந்ததைக் கொடு, அது யார் பங்கு, முத்துராக்கு பங்கு என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டார்கள். பெண்கள் அவற்றைக் கழுவி மஞ்சள் தடவிக் கொண்டுவந்து சின்னழகு வீட்டில் வைத்தார்கள். அவன் வாங்கி, எது கையால் பிடித்தது, எது மடியில் பட்டது என்று பிரித்துப் பிரித்து அடுக்கினான்.

கொஞ்ச நாளில் அதில் பெருமையும் சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டில் ஏழு பங்கு, உங்கள் வீட்டில் மூன்றுதானா என்று குழாயடியில் எண்ணினார்கள். யாருக்கும் எதையும் இரவல் கொடுத்துப் பழக்கமில்லாத வெள்ளச்சி வீட்டில் ஒரு துரும்பு மிஞ்சவில்லை. கட்டில், பலகை, மத்து எல்லாம் தூளாகிப்போய்த் தரையில் படுத்தாள். கரையானுக்கே தெரிஞ்சிருக்கு பாரு உன் கையிறுக்கம் என்று பேசினார்கள் பெண்கள். வெள்ளச்சி மூன்று நாள் குழாயடிக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்து, ஒரு தடவை மத்து கேட்டாள், இல்லையென்று சொன்னேன், முதுகுக்குப் பின்னால்தான் மாட்டியிருந்தது என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுக் குடத்தை நிரப்பினாள். அதற்குப் பிறகு அவளை யாரும் கேலி செய்யவில்லை.

ஆடிக்காற்றில் கதவுகள் விழத் தொடங்கின. அந்தத் தெருவில் எல்லாக் கதவும் ஒரே தச்சன் தைலமரப் பலகையில் அடித்துக்கொடுத்தது. முதலில் வெள்ளச்சி வீட்டுக் கதவு. காற்று ஒரு தள்ளுத் தள்ள, நிலையோடு தூளாகிப் படியில் கொட்டியது, தூளின்மேல் ஐந்து விரலும் விரிந்த ஒரு உள்ளங்கை அளவு பலகை விழுந்து கிடந்தது. அடுத்து ஐந்தாம் வீடு, அதற்கடுத்து எட்டாம் வீடு. எல்லாவற்றிலும் கை. வெறும் கை, இடதோ வலதோ, சிலதில் இரண்டும். ஊர் அதையும் எடுத்து மஞ்சள் தடவியது. ஒன்பது மாதம் நம் வீட்டுக்கெல்லாம் வந்துபோனவள், கதவைத் தொடாமலா இருப்பாள் என்று ஒருவர் சொல்ல, ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் வேகமாகத் தலையாட்டினார்கள். வாசலில் சாக்குப் படுதாவையும் பழைய தகரத்தையும் கட்டிக்கொண்டார்கள். கைகளைப் பார்த்த சின்னழகுக்கு இன்னும் மோசமாயிற்று. இத்தனை வீட்டில் இத்தனை உரிமையாகக் கை வைத்து நின்றவளுக்கு, ஆத்திர அவசரத்துக்கு ஒரு வீட்டில் வாயைத் திறந்து கூப்பிடத் தோன்றவில்லையே, அந்த அளவுக்கு நான் சொன்னது அவளைக் கட்டிப்போட்டிருக்கிறதே என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

அடைக்கி மட்டும் ஒவ்வொரு கதவும் விழுந்தபிறகு போய், நாற்றங்காலில் கன்று பார்க்கிற மாதிரி முழங்காலில் உட்கார்ந்து பார்த்தாள். கதவு போனாலும், பக்கச் சுவரில் படிந்த தூளின் கோடு கை இருந்த உயரத்தில் மட்டும் அறுந்து அதைக் காட்டிக்கொடுத்தது. மூன்றாம் வீட்டில் கை தோள் உயரத்தில். ஐந்தாம் வீட்டில் மார்பு உயரத்தில். எட்டாம் வீட்டில் இடுப்பு. பதினோராம் வீட்டில் முழங்கால். கடைசியாக, தலையாரி வீரணன் வீட்டில், படியை ஒட்டி இரண்டு கையும். அங்கிருந்து நிழற்குடை இருபது தப்படி. வந்துபோகிற வேளையில் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து வாசல் சுவரோடு மடங்கிக் கிடக்கும், அதன் வெளிமுகத்தில் யாரும் உள்ளங்கையை வைத்து அழுத்தமுடியாது. பகலில் அந்தத் தெருவின் கதவுகள் மூடியிருப்பது உச்சியில் மட்டும்தான். இது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். வீரணன் அவள் முழங்காலிட்டுப் பார்ப்பதைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள கோலம் பாக்கக் குனிஞ்சிருக்கும், அடைக்கி" என்றார்.

"உங்க வீட்டு வாசல்ல ஏது மாமா கோலம்" என்றாள் அவள். அவருக்குப் பெண்சாதி இல்லை. அவர் தகரத்தை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் அடைக்கிக்கு முழுதாக விளங்கியது. தான் ஒருத்திதான் கேட்டோம் என்று இத்தனை நாள் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள். பதினாலு வீட்டிலும் பதினாலு பேர் கொண்டியில் கையை வைத்துக்கொண்டு இரண்டாவது குரலுக்காக நின்றிருக்கிறார்கள். ஒரு வாசலுக்கு ஒன்று என்று பதினாலு குரல் கொடுத்திருக்கிறாள் அவள். எந்த வாசலுக்கும் மூன்று வரவில்லை.

விளங்கியும் அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதற்காக வேறொன்று செய்திருந்தாள். உலக்கை உதிர்ந்த அன்றே நாற்றங்காலிலிருந்து கரையான் மருந்தை ஒரு டப்பாவில் கொண்டுவந்து, விளக்குமாற்றுக் குச்சியால் தன் வீட்டுக் கதவின் இரண்டு பக்கமும், நிலையும், ஆணி ஓட்டைகளும் விடாமல் பூசியிருந்தாள். வாரத்துக்கு ஒரு தரம் பூசினாள். தெருவில் பதின்மூன்று கதவும் விழுந்த பிறகு, அடைக்கி வீட்டுக் கதவு ஒன்று மட்டும் மேலிருந்து கீழ்வரை முழுதாக நின்றது.

ஆடி முடியப்போகும் ஒரு சாயங்காலம் சின்னழகு அவள் வாசலுக்கு வந்தான். வீட்டை விட்டு அவன் வெளியே வந்ததே பல நாளைக்குப் பிறகு. கதவுக்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் அதைத் தடவினான், மேலே எட்டும் வரை, பிறகு கீழே குனிந்து படி வரை. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"எல்லா வீட்லயும் கையளவுதான் விட்டுவச்சிருக்கு மதினி. உங்க வீட்டுக் கதவு மொத்தமும் இருக்கு. ஒரு இடம் பாக்கியில்லாம தொட்டிருக்கா. உங்க மேலதான் அவளுக்கு உசுரு."

பிறகு கன்னத்தை அந்த மருந்து வாடை அடிக்கும் பலகையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். அடைக்கி அவனைப் பிடித்து இழுத்தாள், மேலெல்லாம் நஞ்சாகிவிடும் தம்பி என்று சொல்ல வந்தாள்; சொல்லமுடியாமல் முந்தானையால் அவன் கன்னத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அவன் அதை வேறு ஏதோவாக நினைத்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போகவில்லை. சாம்பலும் தண்ணீரும் போட்டுக் கதவைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். கை தோலுரியும் வரை தேய்த்தாள். பிறகு காட்டுக்குப் போய் ஒரு புற்றின் ஓரத்தைக் கொத்தி, ஒரு முறம் மண்ணை அள்ளினாள். கொத்திய இடத்தில் தாடைக்காரர்கள் வந்து வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓட்டை மூடிக்கொண்டது. அவர்கள் போக வேறு இடம் இல்லாதவர்களாக அங்கேயே நின்றார்கள். அடைக்கி முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தாள். பிறகு வீட்டுக்கு வந்து மண்ணை நிலைப்படியில் கொட்டினாள்.

ஒன்பது நாள் அவள் உச்சிவேளையில் படுக்கவில்லை. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, அதில் காதை வைத்து உட்கார்ந்தாள். மண்ணில் வந்தவர்களும் மரத்துக்குள் பிறந்தவர்களும் சேர்ந்து மெல்லும் சத்தம் தூரத்து மழைபோல் கேட்டது. மூன்றாம் நாள் அவள் விரல் கணுவால் கதவில் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளே ஒருவன் தலையை மோதினான், அடுத்தவன் மோதினான், அதற்கடுத்தவன். கண் தெரியாத, வாயில் ஊட்டினால் மட்டும் தின்னத் தெரிந்த அத்தனை பேரும், ஒரு தட்டுக்கு, மேலிருந்து கீழ்வரை எழுந்துகொண்டார்கள். அவள் அதற்குமேல் தட்டவில்லை. நெற்றியைப் பலகையில் வைத்துக்கொண்டு அடங்கும் வரை கேட்டாள்.

ஒன்பதாம் நாள், ஆவணி பிறந்தும் வெயில் அடங்காத ஒரு உச்சியில், காற்றே இல்லாமல் கதவு விழுந்தது. விழுந்தது என்றுகூடச் சொல்லமுடியாது, நின்ற இடத்திலேயே சலித்த மாவாக இறங்கியது. வெயில் வீட்டுக்குள் வந்தது. தூளின்மேல் மூன்று துண்டு கிடந்தன. இரண்டு உள்ளங்கை. மூன்றாவது என்னவென்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. முட்டை வடிவத்தில், நாலு விரல் அகலத்தில், ஓரம் கொஞ்சம் வளைந்து. எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்தபோதுதான் தெரிந்தது. முத்துராக்கு கூப்பிட்டுவிட்டு இரண்டு கையையும் கதவில் ஊன்றி, நெற்றியையும் அதில் சாய்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கொண்டியும் அந்த உயரம்தான். அடைக்கியின் கைக்கும் அந்த நெற்றிக்கும் நடுவில் ஒரு விரல் கனப் பலகைதான் இருந்திருக்கிறது.

அவள் மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். தெருவில் ஒரு குஞ்சு இல்லை. சாக்குகளும் தகரங்களும் மூடிக் கிடந்தன. சின்னழகு வீட்டுக் கதவில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது, முத்துராக்கு தினமும் திறந்து மூடிய கதவு, அது சாத்தியிருந்தது. அவள் தம்பி என்று ஒரு தடவை கூப்பிட்டாள். கூப்பிட்ட வாய் மூடும் முன்னால் கொண்டி நீங்கியது. இந்த மூன்று மாதமாக எந்தச் சின்னச் சத்தத்துக்கும் எழுந்து வந்து திறந்து பார்ப்பதே அவன் வேலையாக இருந்ததை அவள் அப்போதுதான் அறிந்தாள்.

"கூப்பிட்டா தம்பி" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் மடியை அவிழ்த்து, இரண்டு கையையும் நெற்றியையும் படியில் வரிசையாக வைத்தாள்.

"என் வாசல்ல நின்னு கூப்பிட்டா. ஒரு தடவை. நான் முழிச்சுத்தான் கிடந்தேன். கொண்டியில கையை வச்சுக்கிட்டு ரெண்டாவதுக்காக நின்னேன். ஒனக்குப் பொய் சொன்னேன். நீ சொன்னதுக்காக அவ வாயை மூடலை. எல்லா வாசல்லயும் கூப்பிட்டிருக்கா."

அவன் குனிந்து நெற்றித் துண்டை எடுத்தான். அதை என்ன செய்வது என்று தெரியாதவனைப்போல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் மெதுவாக, பொட்டு இருக்கும் இடத்தைத் தடவினான். அடிப்பான் என்று அவள் நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"எப்படிக் கூப்பிட்டா, மதினி?"

அவள் வாயைத் திறந்தாள். அவளுடைய குரல் தடித்த குரல், நாற்றங்காலில் நாள்பூராவும் மண்தூசியை விழுங்கிய குரல். ஆனால் வெளியே வந்தது அது இல்லை. கடற்கரையில் காற்றைத் தாண்டிப் போவதற்காகக் கடைசி எழுத்தை நீட்டும் குரல், மார்கழியில் உலக்கையோடு சேர்ந்து சிரித்த குரல், அவள் தொண்டையிலிருந்து எழுந்து தெருவுக்குள் போயிற்று.

"அக்காவ்."

ஒரு தடவைதான். மூன்றாம் வீட்டில் சாக்குப் படுதா விலகியது. வெள்ளச்சி தலைமுடி அவிழ்ந்தபடியே, இந்தா வந்துட்டேன் என்று படியிறங்கினாள். ஐந்தாம் வீட்டிலும், எட்டாம் வீட்டிலும், எதிர் வரிசையிலும், இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன் என்று ஒருவர் சொல்வது கேட்டு அடுத்தவராக, தெருவின் மறுகோடி வரைக்கும் அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வீரணன் வீட்டுத் தகரம் கிறீச்சிட்டு நகர்ந்தது. மேல்துண்டு இல்லாமல், செருப்பில்லாமல் எல்லாரும் கொதிக்கிற மண்ணில் வந்து நின்றார்கள். யார் கூப்பிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.